ஆர்டிஓ டெஸ்ட்டில் பைக்கில் எட்டு போடும்போது கால் ஊன்றிவிடுகிறது, என்ன செய்வது?

பெரும்பாலும் முன் சக்கரத்தையே குனிந்து பார்ப்பதுதான் காரணம். கண் எங்கே போகிறதோ வண்டியும் அங்கேதான் போகும். வளைவில் நுழையும்போதே அடுத்த வளைவைப் பாருங்கள்.

முதல் கியர், பாதி கிளட்ச், லேசான ஆக்சிலேட்டர், வலது கால் பின் பிரேக்கில். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொடவே வேண்டாம், வண்டி சட்டென்று சாய்ந்துவிடும். நான் காலி மைதானத்தில் கோலமாவால் எட்டு வரைந்து, தினமும் காலையில் இருபது சுற்று ஓட்டிப் பழகினேன். நான்காம் நாள்தான் தோள் இறுக்கம் போனது.

எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) வாங்கி 30 நாள் கழித்துத்தான் டெஸ்ட். 6 மாதத்துக்குள் முடிக்க வேண்டும். ஹெல்மெட், ஆர்சி, இன்சூரன்ஸ் மறக்காதீர்கள். பழகிய வண்டியையே கொண்டுபோங்கள். இரவல் வண்டியின் கிளட்ச் எங்கே பிடிக்கும் என்று அங்கே போய்த் தேட முடியாது.