கொல்லையில் 20 அடி நீளம், 15 அடி அகலம், 4 அடி ஆழத்தில் மீன் குட்டை வெட்டுகிறேன். வடிகால் குழாய் இரண்டு அங்குலம் போதுமா, நான்கு அங்குலம் போட வேண்டுமா?

நான்கு அங்குலம் போடுங்கள். ஆனால் அதற்கு முன் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். நம் பகுதியில் பலர் அதை விட்டுவிடுகிறார்கள், நானும் விட்டேன்.

20 அடி நீளம், 15 அடி அகலம், 4 அடி ஆழம் என்று எழுதியிருக்கிறீர்கள். 1,200 கன அடி, அதாவது சுமார் 34,000 லிட்டர். நூறு அடிக்கு ஓர் அடி வாட்டம் (சரிவு) கிடைத்தால் நான்கு அங்குலக் குழாய் இதை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் வடித்துவிடும். இரண்டு அங்குலக் குழாய்க்குப் பன்னிரண்டு மணி நேரமாவது பிடிக்கும். "அப்படியானால் இரண்டு அங்குலத்தில் இரண்டு குழாய் போட்டுவிடலாமே" என்று மேஸ்திரிகள் சொல்வார்கள். அது தவறு. விட்டம் இரட்டிப்பானால் குழாயின் வாய்ப் பரப்பு நான்கு மடங்காகிறது. சுவரில் உரசி இழக்கும் வேகமும் குறைவதால் போகும் நீர் ஆறு மடங்கை எட்டுகிறது. இரண்டு அங்குலக் குழாய் ஆறு சேர்ந்தால்தான் நான்கு அங்குலக் குழாய் ஒன்றுக்கு ஈடு. போதாததற்குச் சேறும் நத்தையும் தென்னம்பாளைத் துணுக்கும் சின்னக் குழாயில்தான் சிக்கும்.

இனி முக்கியமானது. தண்ணீர் எங்கே போய் விழப்போகிறது?

மன்னார்குடிப் பக்கம் எங்கள் கொல்லையில் குட்டை வெட்டியபோது அடிக்குழாயை, அதாவது குட்டையின் தரைமட்டத்தில் பதிக்கும் வடிகால் குழாயை, நேராகப் பின்புற வடிவாய்க்காலில் விட்டேன். சித்திரையில் வாய்க்கால் வறண்டு கிடந்தது, வாட்டம் அருமையாக இருந்தது. கார்த்திகையில் நான்கு நாள் மழை. வடிவாய்க்கால் நிரம்பிக் குட்டையின் நீர்மட்டத்துக்கு மேல் நின்றது. வால்வைத் திறந்தால் தண்ணீர் வெளியே போகவில்லை. கலங்கல் நீர் உள்ளே வந்தது. அன்றிரவு கரையின் தாழ்ந்த மூலை வழியே குட்டை வழிந்து கரை சரிந்தது. ஆடியில் விட்ட கட்லாக் குஞ்சுகள் விடியற்காலையில் பக்கத்துச் சம்பா வயலில் துள்ளிக்கொண்டிருந்தன. அந்தக் காலையை என்னால் மறக்க முடியவில்லை.

நம் காவிரி டெல்டா தட்டையான நிலம். ஐப்பசி, கார்த்திகையில் வடிகால் எந்த மட்டத்தில் நிற்கும் என்பதே உங்கள் கணக்கின் தொடக்கம். பக்கத்து வயல்காரரைக் கேளுங்கள், வடிவாய்க்காலில் எவ்வளவு உயரத்துக்கு நீர் ஏறும் என்று காட்டிவிடுவார். அந்த மட்டத்தை லெவல் டியூப் (மட்டம் பார்க்கும், தண்ணீர் நிரப்பிய கண்ணாடிபோன்ற குழாய்) பிடித்துக் குட்டைக்குக் கொண்டுவந்து கரையில் குறியுங்கள். அடிக்குழாயின் வெளிவாய் அந்தக் குறிக்குக் கீழே இருந்தால் மழைக்காலத்தில் அதை நம்ப முடியாது. கோடையில் தூர்வாரவும் மீன் பிடிக்கவும்தான் அது உதவும். குட்டைக்குப் பக்கத்திலேயே அதற்கு ஒரு வால்வு கட்டாயம் வேண்டும்.

மழைக்குத் தனியாக ஒரு வழிவுக் குழாய் வையுங்கள். ஏரிக்கு நீர் திறக்கும் மதகும், மிகுநீர் வழியும் கலிங்கும் தனித்தனியாக இருப்பதுபோலத்தான் இதுவும். அதன் வாய் கார்த்திகைக் குறிக்கு மேலும், கரை உச்சிக்கு ஓர் அடி கீழும் இருக்கட்டும். இடம் போதவில்லை என்றால் வெட்டிய மண்ணைப் போட்டுக் கரையை உயர்த்துங்கள். இந்தக் குழாய் அடிக்குழாயைவிடப் பெரிதாக, ஆறு அங்குலமாக இருக்க வேண்டும். அடிக்குழாயை நான்கு அடி நீரின் அழுத்தம் தள்ளுகிறது. வழிவுக் குழாயின் மேலே நிற்பதோ இரண்டு விரற்கடை நீர்தான். கூரையும் முற்றமுமாக 2,000 சதுர அடித் தண்ணீர் குட்டைக்கு வந்தால், 5 செ.மீ. மழைக்கே 9,000 லிட்டருக்கு மேல் சேரும். வாயில் வலை கட்டுவீர்கள், இலை அடைக்கும். அந்த அடைப்புக்கும் சேர்த்துத்தான் ஆறு அங்குலம்.

கரையைக் குழாய் கடக்கும் இடத்தில் மணல் போடாதீர்கள். பிசைந்த களிமண்ணை அரை அடி அரை அடியாகப் போட்டுத் திமிசு கொண்டு இடியுங்கள். இல்லாவிட்டால் குழாயின் வெளிப்புறத்தை ஒட்டியே நீர் கசிந்து கரையை அரிக்கும். பாசன வாய்க்காலில் குட்டை நீரை விட வேண்டாம். கீழே குளிப்பவர்கள் இருக்கிறார்கள்.

வடிவாய்க்கால் உங்கள் கொல்லையிலிருந்து எத்தனை அடி தூரம் என்று எழுதவில்லையே? அதையும் கார்த்திகை மட்டத்தையும் சொன்னால் வாட்டத்தைக் கணக்கிட்டுத் தருகிறேன்.