கொல்லைப்புறச் சட்டி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மழை விட்டதும் எங்கள் முருங்கையிலும் பப்பாளியிலும் ஆப்பிரிக்க நத்தை கொத்துக் கொத்தாக ஏறுகிறது. "வயல் நத்தையைச் சாப்பிடுகிறோமே, இதையும் சமைத்தால் என்ன?" என்கிறார் வீட்டுக்காரர். மாமியாருக்கோ பேச்சைக் கேட்டாலே குமட்டுகிறது. நீங்கள் யார் பக்கம்?
- வாசகி, வேலந்தாவளம்

பதில்: உங்கள் மாமியார் பக்கம்தான். ஆனால் குமட்டலுக்காக இல்லை.

நான் கொழிஞ்சாம்பாறைக்கு மருமகளாக வந்த புதிதில் என் மாமனாருக்கு மூலம். நடவு சமயத்தில் மாமியார் முந்தானையில் நத்தை பொறுக்கி வருவார். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் கிடந்தால் சேற்றைக் கக்கிவிடும். காலையில் வேகவைத்து, ஊக்கால் சதையைச் சுழற்றி இழுத்து, வால் பக்கத்துக் கறுப்பைக் கிள்ளி எறிந்து, கொழகொழப்பு போகச் சாம்பலும் கல்லுப்பும் போட்டு நாலு தண்ணீர் அலசுவார். அப்புறம் மிளகு, சின்ன வெங்காயம், நல்லெண்ணெய். இத்தனையும் நடப்பது கொல்லையில், மூன்று கல் அடுப்பில். அதற்கென்றே ஒரு மண்சட்டி, மாட்டுக்கொட்டகையில் கவிழ்ந்து கிடக்கும். சமையலறைப் படி ஏறக் கூடாது. என்ன வாசனை என்று யாராவது கேட்டால் "மருந்து" என்பார். மாமனார் ஆட்டுக்கறியைக்கூட அப்படி ரசித்துச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. (மூலம் குணமானதா என்று கேட்காதீர்கள். கடைசியில் பாலக்காட்டில் ஆபரேஷன்.)

அதே வரப்பில் அதே நத்தையைப் பொறுக்கி நடவுக்காரப் பெண்கள் குழம்பு வைத்தால், எங்கள் தெருவே மூக்கைப் பொத்திக்கொள்ளும். மாமியார் உட்பட.

உங்கள் முருங்கையில் ஏறுவது வேறு சாதி. 1847இல் கல்கத்தாவுக்கு வந்தது, 1970களில் நம் பாலக்காட்டுப் பக்கம் எட்டிப்பார்த்தது. நைஜீரியாவிலும் கானாவிலும் இந்த மாதிரிப் பெருநத்தைகளை விரும்பிச் சாப்பிடுகிறார்கள், அதனால் தின்னவே முடியாத பிராணி என்று சொல்ல மாட்டேன். வில்லங்கம் எலிப் புழுக்கையில் இருக்கிறது. எலியின் நெஞ்சுக்குள் வாழும் ஒரு புழுவின் குஞ்சுகள் புழுக்கை வழியாக நத்தைக்குள் போய்விடுகின்றன. மனித உடம்புக்குள் போனால் மூளையைச் சுற்றியுள்ள உறையை வீங்க வைக்கும், கேரளத்திலேயே வந்திருக்கிறது. நன்றாக வேகவைத்தால் புழு சாகும், சரி. வேகும்வரை அதைத் தொட்ட கை, கத்தி, பக்கத்தில் வைத்த கீரை? அடுத்த தோட்டத்துக்காரர் நத்தையைக் கொல்ல மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) தெளித்திருந்தால் அதுவும் உங்கள் குழம்பில்தான்.

தின்றே தீர்த்துவிடலாம் என்ற கணக்கும் உதைக்கும். ஒரு தடவைக்கு நூறு, இருநூறு முட்டை. ஆண் பெண் பேதமில்லாமல் எல்லாமே இடும். வீட்டுக்காரர் கையில் சட்டிக்குப் பதில் கோணிச் சாக்கைக் கொடுங்கள். நனைத்த சாக்கில் முட்டைக்கோஸ் இலை, பப்பாளி இலை போட்டு அந்தியில் வைத்தால் விடிவதற்குள் வந்து மொய்க்கும். கையில் பிளாஸ்டிக் கவர் மாட்டிக்கொண்டு பொறுக்கி, கெட்டியான உப்புத் தண்ணீரில் போட்டு, செத்ததும் குழிதோண்டிப் புதையுங்கள். மதிலில் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்ற தடம் இருந்தால் சாக்கை அங்கே வையுங்கள்.

கேள்வி: என் நிலக்கடலையை நாசம் செய்த காட்டுப்பன்றியைப் பஞ்சாயத்து உத்தரவில் சுட்டு, மண்ணெண்ணெய் ஊற்றிப் புதைத்தார்கள். இரண்டு கிலோ கறி கேட்டதற்குத் திருடனைப் போலப் பார்க்கிறார்கள்!
- வாசகர், கொல்லங்கோடு

பதில்: 2022 முதல் கேரளத்தில் பஞ்சாயத்துத் தலைவர் சுட உத்தரவு தரலாம். கறியை எடுத்துக்கொள் என்று அவரால் சொல்ல முடியாது. வனவிலங்குச் சட்டப்படி குற்றம். உங்கள் கடலையில் கொழுத்த பன்றி, வயிற்றெரிச்சல் எனக்கும் புரிகிறது. ஆனால் மண்ணெண்ணெய் ஊற்றுவதே உங்களைப் போன்றவர்கள் ராத்திரி மண்வெட்டியோடு வந்துவிடுவீர்கள் என்றுதான்.

கேள்வி: ஜிலேபி மீனும் வெளிநாட்டிலிருந்து வந்து நம் மீன்களை ஒழிக்கிற மீனாமே? சாப்பிடுவதை விட்டுவிடட்டுமா?
- வாசகி, மீனாட்சிபுரம்

பதில்: 1952இல் கொண்டுவந்தது. நம் குளத்து மீன்களுக்கு அது கெடுதல்தான், உங்கள் வயிற்றுக்கு இல்லை. ஆழியாறு அணைப் பக்கம் மசாலா தடவிப் பொரித்துக் கொடுத்தால் இது எந்த தேசம் என்று யார் கேட்கிறோம்? தாராளமாகச் சாப்பிடுங்கள், உயிரோடு மிஞ்சியதைக் கிணற்றில் மட்டும் விடாதீர்கள். செதிலையும் முதுகு முள்ளையும் கடையிலேயே எடுத்துவிடச் சொல்லுங்கள். போன வாரம் குத்தியது, இன்னும் கட்டைவிரல் விண்விண்ணென்று தெறிக்கிறது.