பழைய மணிக்கூண்டுக் கடிகாரத்துக்கு எங்கே எண்ணெய் விடுவது?

வீட்டில் வைத்திருக்கும் பழைய மணிக்கூண்டுக் கடிகார இயந்திரத்தின் பற்சக்கரங்களுக்கு எண்ணெய் விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். பற்கள் உலர்ந்தே இருக்கட்டும். எண்ணெயில் தூசி ஒட்டினால் அதுவே உப்புத்தாள் மாதிரி உலோகத்தைத் தேய்த்துவிடும்.

எண்ணெய் கேட்பவை, அச்சு முனைகள் பித்தளைத் துளைக்குள் சுழலும் இடங்கள்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு துளி. வழிந்தால் அதிகம் என்று அர்த்தம். அப்புறம், ஊசலோடு ஆடி சக்கரத்தைப் பல் பல்லாக விடுவிக்கும் நங்கூரத் துண்டின் முகங்களில் லேசான ஈரம் போதும். ஊசல் தொங்கும் மெல்லிய எஃகுப் பட்டைக்கு எதுவும் வேண்டாம்.

பலர் பழைய எண்ணெயின் மேலேயே புதியதை விடுகிறார்கள். அது வீண். கறுத்துக் கெட்டியானதை முதலில் துடைத்தெடுங்கள். துளைகளுக்குக் கூராகச் சீவிய மரக்குச்சி நல்லது. சமையல் எண்ணெய் நாளடைவில் பிசினாகிவிடும். துரு நீக்கும் ஸ்ப்ரேயும் மசகு ஆகாது. கடிகாரத்துக்கென்றே வரும் செயற்கை எண்ணெய் வாங்குங்கள், கைக்கடிகாரத்துக்கானதைவிடக் கெட்டியானதாக. இங்கே பாரம் அதிகமல்லவா?

எதையாவது கழற்றுவதாக இருந்தால், சக்கரங்களை இழுத்து ஓட்டும் எடைக்கற்களை முதலில் தரையில் இறக்கிவிடுங்கள். அவை தொங்கும்போது நங்கூரத் துண்டை எடுத்தால் சக்கரங்கள் கட்டுப்பாடின்றிச் சுழலும். பல் உடையும், விரலும் போகும்.