அடுத்த சந்தையூர் பத்து கிலோமீட்டரில்: இங்கிலாந்தின் மேடுபள்ளச் சாலைகளில் சைக்கிள் (கேள்வி பதில்)

இங்கிலாந்தின் கிராமப்புறச் சாலைகளில் சைக்கிள் ஓட்டுவது பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளைத் திரட்டி இங்கே பதில் சொல்கிறேன். நான் பந்தயக்காரன் அல்ல. மெதுவாக, ஆனால் விடாமல் ஓட்டுகிறவன்.

கேள்வி: சமதளத்தில் 40 கி.மீ. வரை ஓட்டிப் பழக்கம். மேடுபள்ளமான பகுதிக்கு முதன்முறையாகப் போகிறேன். எங்கே தொடங்கலாம்?

கிழக்கு இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டம். எல்லாரும் காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுப் பகுதிக்கே ஓடுகிறார்கள். அதற்குக் கால்கள் பழகிய பிறகு போங்கள். சஃபோக்கில் மிக உயரமான இடமே 128 மீட்டர்தான். ஆனால் தட்டையான பூமி என்று எண்ணிவிடாதீர்கள், சிறு சிறு ஏற்றங்கள் வந்துகொண்டே இருக்கும். சட்பரி ரயில் நிலையத்தில் இறங்கி, லாங் மெல்ஃபர்ட், லாவன்ஹாம், கெர்சி என்று போய்த் திரும்புங்கள். லாவன்ஹாமில் கம்பளித் துணி வணிகத்தில் கொழித்தவர்கள் கட்டிய மரச்சட்ட வீடுகள் இன்றும் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. கெர்சியில் தெருவின் நடுவே ஓடை குறுக்கிடுகிறது. அதில் சைக்கிளோடு இறங்கிப் பார்க்கும் ஆசை வரும். பாசி வழுக்கும், வேண்டாம்.

கேள்வி: நீங்கள் எப்போதும் "சந்தையூர்களை வைத்துப் பாதை போடு" என்கிறீர்கள். பழைய கட்டடம் பார்ப்பதற்காகவா?

கட்டடம் கூடுதல் லாபம். தூரக் கணக்குதான் காரணம். இடைக்கால இங்கிலாந்தில் சந்தை கூட்ட வேண்டுமென்றால் அரசரின் உரிமைச் சாசனம் வேண்டும். புதிய சந்தை பக்கத்துச் சந்தையின் பிழைப்பைக் கெடுக்கக் கூடாது. பிராக்டன் என்ற நீதிபதியின் பெயரில் வழங்கும் 13-ஆம் நூற்றாண்டுச் சட்டநூல் அதற்கு ஓர் அளவு சொல்கிறது: இரண்டு சந்தைகளுக்கு நடுவே குறைந்தது ஆறே முக்கால் மைலுக்குச் சற்றுக் குறைவான தூரம், அதாவது ஏறக்குறைய 10.7 கி.மீ. இருக்க வேண்டும். ஒரு நாள் நடை 20 மைல். அதை மூன்றாகப் பிரித்தார்கள். காலையில் போக ஒரு பங்கு, விற்று வாங்க ஒரு பங்கு, இருட்டுவதற்குள் வீடு திரும்ப ஒரு பங்கு. 20-ஐ மூன்றால் வகுத்தால் வருவதுதான் அந்தக் கணக்கு.

ஊருக்கு ஊர் இது அச்சுப் பிசகாமல் பொருந்தாது. ஆனாலும் பழைய சந்தையூர்கள் பல பகுதிகளில் பத்துப் பதினைந்து கி.மீ. இடைவெளியில் அமைந்திருக்கின்றன. முட்டைக்கூடை சுமந்து நடந்தவர்களுக்காகப் போட்ட கணக்கு சைக்கிள்காரனுக்கு அப்படியே பொருந்துகிறது. முக்கால் மணி நேரம் மிதித்தால் ஓர் ஊர் வரும். தண்ணீர் கிடைக்கும், உட்கார இடம் கிடைக்கும், முடியாமல் போனால் சில ஊர்களில் ரயிலும் கிடைக்கும். ஊர்ப்பெயரில் "சிப்பிங்" என்று வந்தால் அது சந்தை என்னும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. நிலப்படத்தில் அந்தச் சொல்லைத் தேடிப் பிடியுங்கள்.

கேள்வி: அண்ணா, காட்ஸ்வோல்ட்ஸில் ஒரே நாளில் முடிக்கக்கூடிய ஒரு சுற்றுப் பாதை சொல்லுங்கள். லண்டனிலிருந்து ரயிலில் வருகிறேன்.

தம்பி, மோர்ட்டன் இன் மார்ஷில் இறங்கு. லண்டன் பேடிங்டன் நிலையத்திலிருந்து நேரடி ரயில் இருக்கிறது. அங்கிருந்து டிரேகாட் வழியாக பிளாக்லி, பிறகு பிராட் கேம்ப்டன், அடுத்து சிப்பிங் கேம்ப்டன். இந்த முதல் துண்டிலேயே கால் சூடேறிவிடும்.

கேம்ப்டன் கடைத்தெருவில் 1627-இல் கட்டிய சந்தை மண்டபம் இருக்கிறது. சுவரில்லாத கல் வளைவுகள், மேலே மரக்கூரை. வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் கோழியும் விற்பதற்காகக் கட்டியது. தரையைக் குனிந்து பார். ஒரு கல்லும் அடுத்த கல்லோடு மட்டமாக இல்லை, காலடிகள் தேய்த்துத் தேய்த்துக் குழிந்திருக்கின்றன. சைக்கிள் காலணியை மிதியோடு மாட்டும் அடிக்கொக்கி அதில் ஐஸ்கட்டி மேல் வைத்ததுபோல் வழுக்கும். நான் விழவில்லை. தூணைக் கட்டிப்பிடித்துத் தப்பித்தேன், அவ்வளவுதான்.

அங்கிருந்து பிராட்வே கோபுரத்துக்கு ஏற்றம். வழியில் ஏ44 நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டும், அங்கே வீரம் காட்டாமல் இறங்கித் தள்ளு. பிறகு மேட்டின் முதுகிலேயே ஸ்னோஸ்ஹில், கட்ஸ்டீன், ஃபோர்ட். அடுத்து விண்ட்ரஷ் ஆற்றோரமாக நான்டன், அங்கிருந்து லோயர் ஸ்லாட்டர். கடைசியில் லோயர் ஸ்வெல் வழியாக ஸ்டோ ஆன் தி வோல்ட். எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஸ்டோவுக்கு ஏறித்தான் ஆக வேண்டும். ஏறக்குறைய 240 மீட்டர் உயரத்தில் குன்றின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. 1107-இல் முதலாம் ஹென்றி சந்தை உரிமை கொடுத்த ஊர். சதுக்கத்துக்குள் நுழையும் சந்துகள் சில, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய அளவுக்குக் குறுகலானவை. ஆடுகளை வரிசையாக விட்டு எண்ணுவதற்கு அந்த அகலம் வசதி.

ஸ்டோவிலிருந்து மோர்ட்டனுக்கு நேர்க்கோடாக ஏ429 போகிறது. ரோமானியர்கள் போட்ட ஃபாஸ் வே அதுதான். பெருமைக்குரிய சாலை, ஆனால் லாரிகளுக்கு விட்டுவிடு. பிராட்வெல், ஈவன்லோட் வழியாக மெல்ல இறங்கி வா. மொத்தம் 50 முதல் 55 கி.மீ. வரும்.

கேள்வி: நிலப்படத்தைப் பார்த்தே ஏற்றத்தைக் கணிக்க முடியுமா? கைப்பேசி காட்டும் பாதை என்னை ஒரு சுவரில் ஏற்றிவிட்டது.

முடியும். பிரிட்டனின் அரசு நிலப்பட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வே வெளியிடும் 1:50,000 லேண்ட்ரேஞ்சர் படத்தில் சாலையின் மேல் சிறு அம்புக்குறிகள் இருக்கும். ஓர் அம்பு என்றால் 14 முதல் 20 சதவீதச் சரிவு. இரட்டை அம்பு என்றால் 20 சதவீதத்துக்கு மேல். அம்பு கீழ்நோக்கிய திசையைக் காட்டும், ஆகவே அம்பின் முனை உங்களைப் பார்த்து வந்தால் மூச்சு வாங்கப் போகிறது என்று பொருள். உங்கள் சுவரில் பெரும்பாலும் இரட்டை அம்பு இருந்திருக்கும்.

அம்பே இல்லாத இடத்திலும் ஏமாறாதீர்கள். சமஉயரக்கோடுகள் 10 மீட்டருக்கு ஒன்று. ஆற்றோடு சேர்ந்து போகும் சாலை மென்மையானது. ஆறுகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் சாலை ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். நிலத்தின் அமைப்பும் கைகொடுக்கும். காட்ஸ்வோல்ட்ஸ் என்பது சாய்த்து வைத்த ஒரு சுண்ணாம்புக்கல் பலகை. மேற்கு விளிம்பு செங்குத்து, கிழக்கே மெல்லச் சாயும். எனவே மேற்கே செல்ட்டனம் பக்கத்திலிருந்து ஏறுகிறவனுக்குத்தான் தண்டனை.

கேள்வி: எந்த கியர் போதும்?

முன்னால் சிறிய பல்சக்கரம் 34 பல், பின்னால் பெரியதும் 34 பல். மிதியை ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரே சுற்று சுற்றும். "கூடுதல் பல் வைப்பது அவமானம்" என்று யாராவது சொன்னால், அவரை 20 சதவீத ஏற்றத்தின் அடியில் மறுபடி சந்தியுங்கள்.

கேள்வி: இரண்டு பக்கமும் உயரமான வேலி, ஒரு கார் மட்டுமே போகும் சாலை. பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானதே. அத்தகைய சாலைகள் பலவற்றில் சட்டப்படியான உச்ச வேகம் மணிக்கு 60 மைல். ஓட்ட முடியாது என்பது வேறு, ஓட்டிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பது வேறு. இடது ஓரத்தோடு ஒட்டிப் போகாதீர்கள். வளைவில் ஓரத்தில் போனால் எதிரே வருகிறவர் கண்ணுக்கு நீங்கள் கடைசியில்தான் தெரிவீர்கள். சாலையின் நடுவை நோக்கிச் சற்று வாருங்கள், அங்கே நீங்களும் முன்னதாகவே பார்க்கலாம். ஒதுங்கும் இடம் வந்ததும் பின்னால் வரும் காருக்கு வழிவிட்டுக் கையசையுங்கள். 2022 ஜனவரியில் திருத்திய நெடுஞ்சாலை விதிகள், மணிக்கு 30 மைல் வரையிலான வேகத்தில் சைக்கிளை முந்தும் கார் குறைந்தது ஒன்றரை மீட்டர் விலக வேண்டும் என்கின்றன. வேகம் கூடினால் இன்னும் அதிகம்.

இதில் நமக்கும் கடமை உண்டு. எதிரிலோ முன்னாலோ குதிரை வந்தால் வேகத்தைக் குறையுங்கள். பின்னாலிருந்து ஓசையின்றிப் போய்ப் பக்கத்தில் முளைக்காதீர்கள். குரல் கொடுத்து, அகலமாக விலகி, வலப்புறமாகவே கடக்க வேண்டும். மிரண்ட குதிரைக்கு முன்னால் பிரேக் வேலை செய்தாலும் பயனில்லை.

கேள்வி: நடைபாதை என்று போட்ட வழியில் குறுக்கே போகலாமா?

கூடாது. குதிரைப்பாதை என்று குறித்திருந்தால் போகலாம், 1968 முதல் சைக்கிளுக்கு அங்கே உரிமை உண்டு. ஆனால் நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும். மெல்லிய டயரோடு அந்தச் சேற்றில் இறங்கினால் உரிமை மட்டும்தான் மிஞ்சும்.

கேள்வி: அக்டோபரில் போன இடத்தில் ஒரே நாளில் மூன்று பஞ்சர். டயர் புதியது. என் ராசியா?

ராசி இல்லை, உயிர்வேலி. பறவைகள் கூடு கட்டும் காலத்தில் விவசாயிகள் வேலியை வெட்டுவதில்லை. செப்டம்பர் பிறந்ததும் டிராக்டரில் அரிவாளைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். வெட்டிய முட்செடிகள் சாலையெங்கும் சிதறும், மழை அவற்றை ஓரத்தில் குவிக்கும். முள் உடைந்து டயருக்குள்ளேயே முனை தங்கிவிடுவதுதான் மோசம். புது டியூப் போட்ட பத்தாவது நிமிடம் அதே துளை. ஆகவே டியூப் மாற்றும்போது டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள், குத்தினால் கிடைத்தது. 28 அல்லது 32 மி.மீ. அகல டயர் போடுங்கள். வேலி வெட்டும் டிராக்டரைப் பார்த்தால் அந்தச் சாலையை விட்டு வேறு வழி பாருங்கள்.

கேள்வி: ரயிலில் சைக்கிள் ஏற்ற முன்பதிவு அவசியமா?

நெடுந்தூர ரயில்களில் செய்துவிடுங்கள். இடம் மிகக் குறைவு, பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஒருமுறை பதிவு செய்யாமல் போய், கதவு மூடுவதை நடைமேடையிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அடுத்த ரயில் ஒன்றரை மணி நேரம் கழித்து.

கேள்வி: ஒரு வாரம் விடுப்பு. கூட்டம் இல்லாத இடம் வேண்டும், காட்ஸ்வோல்ட்ஸ் வேண்டாம்.

யார்க்‌ஷயர் வோல்ட்ஸ், வட இங்கிலாந்தின் குன்றுப் பகுதி. மால்டன், பாக்லிங்டன், டிரிஃபீல்ட், பெவர்லி என்ற சந்தையூர்களை இணைத்து ஏறத்தாழ 235 கி.மீ. சுற்றுப் பாதை இருக்கிறது. பூமி சுண்ணப்பாறை, மழைநீரை உறிஞ்சிவிடும். அதனால் பள்ளத்தாக்கு இருக்கும், ஆறு இருக்காது. அந்த வறண்ட பள்ளத்தாக்குகளின் அடியில் சாலைகள் பாம்பாக நெளிந்து போகின்றன, இரு பக்கமும் புல் மட்டும். மிக உயர்ந்த இடம் 246 மீட்டர்தான். ஆனால் மரம் குறைவு, காற்றைத் தடுக்க ஒன்றுமில்லை.

இங்கே காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசும். ஆகவே காலையில், கால் புதிதாக இருக்கும்போதே தென்மேற்கு நோக்கிப் போய்விடுங்கள். மாலையில் அதே காற்று முதுகைத் தள்ளிக்கொண்டு வரும். ஜூனில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் நாலு மணிக்கே விளக்குப் போட வேண்டும். முன்னே வெள்ளை, பின்னே சிவப்பு, சட்டமும் அதுவே.

கேள்வி: நடுவழியில் மழை பிடித்துக்கொண்டால்?

கிராமத்துத் தேவாலயத்தின் முகப்பு மண்டபம். இரண்டு பக்கமும் கல் திண்ணை இருக்கும், பெரும்பாலும் பூட்டமாட்டார்கள். சைக்கிளைச் சுவரில் சாய்க்காமல் வெளியே நிறுத்துங்கள், செயின் எண்ணெய் கல்லில் பட்டால் போகாது.