பழைய ஜல்லி, புது கான்கிரீட்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இடித்த வீட்டு ஜல்லியைப் பற்றித்தான். பெங்களூரில் தெருவுக்கு ஒரு வீடு இடிபடுகிறது, கேட்கத்தான் செய்வீர்கள்.

கேள்வி: அல்சூரில் அப்பா கட்டிய வீட்டை இடித்தோம். அந்த இடிபாட்டையே உடைத்துப் புது வீட்டுத் தளத்துக்குப் போடலாமா?

பதில்: இடிபாடு என்று மொத்தமாக எழுதினால் எப்படி? கான்கிரீட்டா, செங்கல்லா? ஜல்லிக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 383, 2016ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, கம்பி போட்ட கான்கிரீட்டில் பழைய கான்கிரீட் ஜல்லி 20 சதவீதம் வரைதான். அதுவும் கான்கிரீட்டின் வலிமைத் தரம் எம்25-ஐத் தாண்டக் கூடாது. கம்பி இல்லாததற்கு 25. செங்கல் கலந்ததை அஸ்திவாரத்துக்கு அடியில் போடும் மெலிந்த பி.சி.சி.யோடு (கம்பி இல்லாத கான்கிரீட்) நிறுத்திக்கொள்ளுங்கள். ஃபால்ஸ் சீலிங் பி.ஓ.பி. (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) துண்டு கண்ணில் பட்டால் பொறுக்கி எறியுங்கள். அதிலுள்ள ஜிப்சம் பின்னாளில் கான்கிரீட்டை உப்ப வைத்து வெடிக்க விடும்.

கேள்வி: ஃப்ளை ஆஷ் (அனல் மின் நிலையச் சாம்பல்) 30 சதவீதம் சேர்த்தால் பழைய ஜல்லியின் குறை தீருமா?

பதில்: எந்த சிமென்ட் என்று எழுதவே இல்லை. மூட்டையைத் திருப்பிப் படியுங்கள். பி.பி.சி. என்றால் ஆலையிலேயே 15 முதல் 35 சதவீதம் சாம்பல் சேர்த்தாயிற்று. அதன் தலையில் இன்னும் கொட்டாதீர்கள். சாம்பல் கலக்காத ஓ.பி.சி.க்கு 20, 25 போதும். சிமென்ட் இறுகும்போது மிஞ்சும் சுண்ணாம்பை சாம்பல் பிடித்துக்கொண்டு, பழைய சாந்தும் புதுச் சாந்தும் சேரும் நோஞ்சான் இடத்தைக் கெட்டியாக்கும். ஆனால் நிதானமாகத்தான் செய்யும். சென்ட்ரிங்கை அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள்.

கேள்வி: மைக்ரோ சிலிகா (மிக நுண்ணிய சிலிகாப் பொடி) எவ்வளவு?

பதில்: சிமென்ட் எடையில் 5 முதல் 10 சதவீதம். சூப்பர் பிளாஸ்டிசைசர் (தண்ணீர் கூட்டாமல் கலவையை இளக்கும் திரவம்) இல்லாமல் தொடவே தொடாதீர்கள்.

கேள்வி: பழைய ஜல்லி போட்டால் கலவை சீக்கிரம் இறுகுகிறது, கொஞ்சம் தண்ணி விட்டால் சரியாகிவிடும் என்கிறார் மேஸ்திரி. விடலாமா?

பதில்: இதே கேள்விக்கு எத்தனை முறை எழுதியாயிற்று! கலவை இறுகவில்லை ஐயா, ஜல்லி குடிக்கிறது. ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் கருங்கல் பளபளக்கும், மறுபக்கம் பழைய சாந்து சாம்பல் நிறத்தில் அப்பியிருக்கும். இரண்டிலும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கல்லில் சொட்டு அப்படியே நிற்கும். சாந்தில் ஐந்து எண்ணுவதற்குள் காணாமல் போகும்.

புது ஜல்லி தன் எடையில் ஒரு சதவீதம்கூடக் குடிக்காது. பழையது 5 சதவீதம் சாதாரணமாகக் குடிக்கும். கன மீட்டருக்கு 200 கிலோ பழைய ஜல்லி என்றால் 10 லிட்டர் போயிற்று. அதை முதல் நாள் இரவே ஜல்லிக்குக் கொடுத்துவிடுங்கள்: நனைத்து, ஈரச் சாக்கு போட்டு மூடி, காலையில் மேல் தண்ணீர் வடிந்ததும் கலவையில் போடுங்கள். அவ்வளவுதான் வேலை.

கே.ஆர்.புரத்தில் ஒரு சைட்டில் மைக்ரோ சிலிகா, ஃபைபர் எல்லாம் காசு கொட்டி வாங்கி வைத்திருந்தார்கள். நான் டீ குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் ஒரு சித்தாள் ஹோஸ் பைப்பை மிக்ஸருக்குள் விட்டுக்கொண்டிருந்தான். சிமென்டுக்கு 0.45 பங்கு இருக்க வேண்டிய தண்ணீர் 0.6 ஆனால் வலிமையில் கால் பங்குக்கு மேல் காலி. எந்தப் பொடியாலும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. இளக்கம் போதவில்லையா, பிளாஸ்டிசைசர் விடுங்கள். ஹோஸ் பைப்பைப் பூட்டி வையுங்கள்.

கேள்வி: ஃபைபர் போட்டால் கம்பியைக் குறைக்கலாமா?

பதில்: கூடாது. 12 மி.மீ. பாலிபுரொப்பிலீன் ஃபைபர் கன மீட்டருக்கு 900 கிராம் போல. புதுத் தளம் காயும்போது வரும் மயிரிழை விரிசலைத் தடுப்பதே அதன் வேலை. குடோன் தரைக்கு ஸ்டீல் ஃபைபர் 30, 40 கிலோ போடுவார்கள், அது வேறு கணக்கு. எதுவானாலும் கொத்தாகக் கொட்டாமல் தூவிப் போடுங்கள். உருண்டை கட்டினால் அந்த இடம் ஓட்டைதான்.

கேள்வி: கியூரிங் (கான்கிரீட்டை ஈரமாகவே வைத்திருப்பது) எத்தனை நாள்?

பதில்: சாம்பலோ சிலிகாவோ சேர்த்திருந்தால் 10 நாள் குறைந்தபட்சம். வெயில் காலத்தில் 14.

கேள்வி: என் கான்கிரீட் படம் இணைத்துள்ளேன். வலிமை எவ்வளவு இருக்கும்?

பதில்: படத்தில் உங்கள் செருப்புதான் தெளிவாகத் தெரிகிறது. அடுத்த முறை கொட்டும்போதே மூன்று கியூப் (சோதனைக்கான கனசதுரக் கட்டி) எடுத்து வைத்து, 28ஆம் நாள் லேபில் உடைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.