ஒரு நாடு பிராந்திய ஒன்றியத்தில் சேர்வது நல்லதா, விலகி நிற்பது நல்லதா?

பொதுவாகக் கேட்டிருப்பதால் முதலில் பொதுவாகவே சொல்லிவிடுகிறேன். ஒரு நாட்டின் வியாபாரமும் வேலைவாய்ப்பும் பெரும்பாலும் அண்டை நாடுகளை நம்பியே இருக்கிறது என்றால், அந்த நாடு ஒன்றியத்துக்குள் இருப்பதே நல்லது. ஏற்கெனவே உள்ளே இருக்கும் நாடு வெளியேற நினைத்தால், எதற்காக என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். சொல்ல முடியாவிட்டால் வெளியேறக் கூடாது. நாணயத்தைப் பொதுவாக்குவது மட்டும் தனி விஷயம், அதில் நான் மிகவும் தயங்குவேன்.

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேற பிரிட்டன் வாக்களித்த 2016-க்கு முன் நான் இப்படி நினைக்கவில்லை. ஒரு நாட்டின் சட்டத்தை அதன் நாடாளுமன்றம்தானே இயற்ற வேண்டும், ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸில் உட்கார்ந்திருப்பவர்கள் ஏன் இயற்ற வேண்டும் என்ற வாதம் எனக்கு நியாயமாகவே பட்டது. இன்றும் அந்த வாதத்தை நான் ஏளனமாகப் பார்ப்பதில்லை. என் எண்ணத்தை முதலில் அசைத்தது பிரிட்டன் அல்ல, நார்வே.

நார்வே மக்கள் ஐரோப்பிய அமைப்பில் சேர மாட்டோம் என்று இரண்டு முறை வாக்களித்தார்கள். 1972-ல் 53.5 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள், 1994-ல் 52.2 சதவீதம் பேர். மீனவர்களும் விவசாயிகளும் மிகக் கடுமையாக எதிர்த்தார்கள். அவர்கள் பயத்தில் உண்மை இருந்தது. உள்ளே போனால் தங்கள் கடலை மற்ற நாட்டுப் படகுகளோடு பங்கு போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். ஆனால் நார்வேயின் ஏற்றுமதியில் பெரும்பகுதி ஒன்றிய நாடுகளுக்குத்தான் போகிறது. அந்தச் சந்தையை விட முடியாது. அதனால் 1994 முதல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி என்ற ஏற்பாட்டில் இருக்கிறது. மீனும் விவசாயமும் அதன் பொதுக் கொள்கைக்கு வெளியே நிற்கின்றன. மற்றபடி ஒற்றைச் சந்தையின், அதாவது சரக்கும் சேவையும் ஆட்களும் நாடுகளுக்கிடையே தடையின்றிப் போய்வரும் ஏற்பாட்டின் விதிகளை நார்வே ஏற்கிறது, ஒன்றியத்து மக்கள் வந்து வேலை செய்ய அனுமதிக்கிறது, ஒன்றியத்தின் வசதி குறைந்த நாடுகளுக்குப் பணமும் கொடுக்கிறது. அந்த விதிகளை முடிவு செய்யும் இடத்தில் மட்டும் அதற்கு வாக்கு கிடையாது. ‘ஃபேக்ஸ் ஜனநாயகம்’ என்று நார்வேக்காரர்களே இதைச் சொல்வதுண்டு. பிரஸ்ஸல்ஸில் எழுதிய சட்டம் ஃபேக்ஸில் வந்து சேரும், ஆஸ்லோவில் அதை நிறைவேற்றுவார்கள் என்று பொருள்.

இதைப் படித்தபோதுதான் ஒன்று உறைத்தது. பக்கத்தில் பெரிய சந்தை இருந்தால் அதன் விதி எப்படியும் உங்கள் வீட்டுக்குள் வரும். அதை எழுதும்போது உங்களுக்கு ஒரு வாக்கு இருக்கிறதா இல்லையா என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி. இறையாண்மை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது, அந்த வாக்கை விட்டுக்கொடுப்பதாகவும் முடியலாம் என்பது எனக்குப் புதிதாக இருந்தது.

சரி, அப்படியானால் யாருமே விலகக் கூடாதா? அப்படியில்லை. கிரீன்லாந்து விலகியது சரி என்றே நினைக்கிறேன். டென்மார்க் 1973-ல் சேர்ந்தபோது அதன் ஆட்சியில் இருந்த கிரீன்லாந்தும் சேர்ந்தே உள்ளே போனது. அந்தத் தீவு மக்களில் பெரும்பான்மையோர் அதற்கு முந்தைய ஆண்டு வாக்கெடுப்பில் வேண்டாம் என்றே சொல்லியிருந்தார்கள். 1979-ல் சுயாட்சி கிடைத்தது. 1982-ல் தாங்களே ஒரு வாக்கெடுப்பு நடத்தி, 1985-ல் வெளியேறினார்கள். அவர்களுடைய காரணம் ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடும்: எங்கள் கடலில் யார் மீன் பிடிப்பது என்பதை நாங்கள் முடிவு செய்வோம். மற்ற எல்லா வாழ்வாதாரமும் மீனுக்குப் பின்னால்தான் என்ற ஒரு சமூகத்துக்கு அது போதுமான காரணம். வெளியே வந்த பிறகு, தங்கள் கடலில் மீன் பிடிக்க ஐரோப்பியர்களிடம் கட்டணம் வாங்கும் ஒப்பந்தமும் போட்டுக்கொண்டார்கள். ஐம்பதாயிரத்துச் சொச்சம் பேர், ஒரே பெரிய தொழில், அப்படியும் வாக்கெடுப்புக்கும் வெளியேற்றத்துக்கும் நடுவே சுமார் மூன்று ஆண்டுகள் போயின.

இப்போது பிரிட்டனுக்கு வருகிறேன். 2016 ஜூன் 23 அன்று 51.9 சதவீதம் பேர் வெளியேற வாக்களித்தார்கள். வாக்குச்சீட்டில் இருந்தது இருப்பதா வெளியேறுவதா என்ற இரண்டே தேர்வு. வெளியேறி எங்கே போவது என்பது அதில் இல்லை. வெளியேற வாக்களித்தவர்களில் ஒரு சாரார் குடியேற்றத்தைக் குறைக்க விரும்பினார்கள். இன்னொரு சாரார் உலகம் முழுவதோடும் தடையற்ற வணிகம் வேண்டும் என்றார்கள். வாரத்துக்கு 35 கோடி பவுண்ட் பிரஸ்ஸல்ஸுக்குப் போகிறது, அதை மருத்துவ சேவைக்குக் கொடுக்கலாம் என்று பேருந்தில் எழுதி ஊர் ஊராகக் கொண்டு போனார்கள். ஒன்றியத்துக்குக் கட்டும் பணத்தில் 1984 முதல் பிரிட்டனுக்குக் கிடைத்துவந்த தள்ளுபடியைக் கழிக்காமல் சொன்ன கணக்கு அது. நாட்டின் புள்ளியியல் ஆணையமே அது தவறான எண்ணத்தைத் தருகிறது என்று சொன்னது. இந்த விருப்பங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை. நார்வே மாதிரி இருப்போம் என்பவரும், எந்த ஒட்டும் உறவும் வேண்டாம் என்பவரும் ஒரே கட்டத்தில் குறியிட்டார்கள். அப்போதைய பிரதமர் தெரசா மே ஒன்றியத்தோடு பேசி முடித்த வெளியேற்ற ஒப்பந்தத்தை நாடாளுமன்றம் 2019-ல் மூன்று முறை நிராகரித்ததற்கு அடிப்படைக் காரணம் இதுதான். முதல் முறை 230 வாக்கு வித்தியாசத்தில் தோற்றது. அந்த 432 எதிர்ப்பு வாக்குகளுக்குள் கொஞ்சமும் விலகக் கூடாது என்றவர்களும் இருந்தார்கள், இன்னும் முழுசாக விலக வேண்டும் என்றவர்களும் இருந்தார்கள்.

என்னை உண்மையில் கலங்க வைத்தது பிரிட்டனின் ஒரு பகுதியான வட அயர்லாந்து. அதையும் தனி நாடான அயர்லாந்தையும் பிரித்து, அயர்லாந்துத் தீவின் குறுக்கே ஏறக்குறைய 500 கிலோமீட்டர் நீளமுள்ள எல்லை ஓடுகிறது. இருநூறுக்கும் அதிகமான சாலைகள் அதைக் கடக்கின்றன. வன்முறை நடந்த பல பத்தாண்டுகளில் அங்கே ராணுவக் காவல் கோபுரங்கள் நின்றன, பல சாலைகளை அடைத்தே வைத்திருந்தார்கள். ஒற்றைச் சந்தை 1993-ல் வந்ததும் சுங்கச் சாவடிகள் போயின. 1998-ல் புனித வெள்ளி உடன்படிக்கை என்ற அமைதி ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு ராணுவமும் படிப்படியாகப் போனது. அப்புறம் அந்த எல்லையைக் கண்ணால் கண்டுபிடிப்பதே கடினமாகிவிட்டது. சாலையோரப் பலகையில் மைல் கிலோமீட்டராக மாறினால் நாடு மாறிவிட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். பிரிட்டனும் அயர்லாந்தும் ஒரே ஒன்றியத்தில் இருந்தது அந்த அமைதிக்கு மௌனமான அடித்தளமாக இருந்தது.

பிரிட்டன் ஒற்றைச் சந்தையையும், உறுப்பு நாடுகளுக்கிடையே சுங்கவரி இல்லாத சுங்க ஒன்றியத்தையும் விட்டுவிட்டால் எங்காவது சரக்குகளைச் சோதித்தாக வேண்டும். அயர்லாந்துத் தீவின் நடுவே சோதித்தால் அமைதிக்கு ஆபத்து. கடலில் சோதித்தால் வட அயர்லாந்து தன் சொந்த நாட்டிலிருந்தே பிரிந்து நிற்பதுபோல் ஆகும். மூன்றாவது வழி வேண்டுமானால் பிரிட்டன் முழுவதும் ஒன்றியத்தின் விதிகளுக்குள்ளேயே இருந்துவிட வேண்டும். நாலாவது வழி கிடையாது. இந்தக் கணக்கு வாக்கெடுப்புக்கு முன்பே காகிதத்தில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு. ஆனால் பிரச்சாரத்தில் இது பெரிதாகப் பேசப்படவே இல்லை. கடைசியில் மேக்குப் பிறகு பிரதமரான போரிஸ் ஜான்சன் கடல் வழியைத் தேர்ந்தெடுத்தார். அதன் சிக்கல்களைச் சரிசெய்ய 2023-ல் வின்ட்ஸர் கட்டமைப்பு என்று இன்னோர் ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. வட அயர்லாந்து மக்களில் 55.8 சதவீதம் பேர் ஒன்றியத்தில் இருக்கவே வாக்களித்திருந்தார்கள் என்பதை மறந்துவிட வேண்டாம்.

சிறிய தொழில்களுக்கு நடந்ததையும் பார்க்க வேண்டும். பிரிட்டனின் பல கடற்பகுதிகளில் எடுக்கும் சிப்பிகளை உயிரோடு ஐரோப்பாவுக்கு அனுப்புவது நீண்டகால வியாபாரம். அங்கே போய்த்தான் அவற்றைச் சுத்திகரிப்பார்கள். 2021-ல் அது நின்றுபோனது. பழிவாங்க யாரும் புதிதாக விதி எழுதவில்லை. சுத்தமான நீரில் எடுத்தவை தவிர மற்ற சிப்பிகளை ஒன்றியத்துக்கு வெளியே இருக்கும் நாடுகள் சுத்திகரிக்காமல் அனுப்பக் கூடாது என்பது ஏற்கெனவே இருந்த விதி. பிரிட்டன் உள்ளே இருந்தவரை அந்த விதி அதற்குப் பொருந்தவில்லை, வெளியே போனதும் பொருந்தியது. கடலை மீட்போம் என்று சொல்லி மீனவர்களிடம் வாக்கு கேட்டார்கள். ஒன்றியத்துப் படகுகள் பிரிட்டன் கடலில் மீன் பிடிக்கும் உரிமையை 2025-ல் பிரிட்டன் அரசே 2038 வரை நீட்டித்துக் கொடுத்தது. ஒரே வாக்கியத்தோடு போன கிரீன்லாந்து தன் மீனைக் காப்பாற்றிக்கொண்டது. பத்து வாக்கியங்களோடு போன பிரிட்டனில் மீன் பேரத்துக்கு வந்துவிட்டது.

வெளியேறும் வழிமுறையிலும் ஒரு சமமின்மை இருக்கிறது. ஒன்றியத்தின் லிஸ்பன் ஒப்பந்தத்தில் உள்ள 50-வது பிரிவுப்படி நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள்தான். அதை நீட்டிக்க மற்ற எல்லா உறுப்பு நாடுகளும் சம்மதிக்க வேண்டும். பிரிட்டன் 2017 மார்ச்சில் நோட்டீஸ் கொடுத்தது, என்ன வேண்டும் என்று தனக்குள்ளேயே முடிவு செய்யாமல். அந்த நிமிடத்திலிருந்து கடிகாரம் எதிர்த்தரப்பின் கையில்.

சேரும் பக்கத்தையும் நான் பூப்போட்டுக் காட்ட விரும்பவில்லை. வாசலில் நிற்கும் நாடு நிறையவே பணிய வேண்டும். புதிய நாட்டைச் சேர்க்க எல்லா உறுப்பு நாடுகளும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதால் ஒரே ஒரு நாடு நினைத்தாலும் கதவு திறக்காது. மாசிடோனியா 2005 முதல் வேட்பாளர் நாடு. கிரேக்கத்தின் எதிர்ப்பால் 2019-ல் தன் பெயரையே வட மாசிடோனியா என்று மாற்றிக்கொண்டது. அதற்குப் பிறகு பல்கேரியா வழிமறித்தது. ஒரு மக்கள் தங்கள் நாட்டின் பெயரை விட்டுக்கொடுத்த பிறகும் அவர்களை வாசலிலேயே நிறுத்தி வைப்பது எனக்கு அநியாயமாகவே படுகிறது. உள்ளே போனவர்களுக்கும் இழப்பு உண்டு. 1990 வாக்கில் 37 லட்சம் பேர் இருந்த லிதுவேனியாவில் இன்று சுமார் 28-29 லட்சம் பேர்தான். எல்லை திறந்ததும் இளைஞர்கள் சம்பளம் அதிகமுள்ள இடங்களுக்குப் போனது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அதே லிதுவேனியாவின் வருமானம் இந்தக் காலத்தில் பல மடங்கு உயர்ந்தது என்பதும் உண்மை.

நாணயம் பற்றி முதலிலேயே தயங்கினேன் அல்லவா, அதற்குக் காரணம் கிரேக்கம். 2001-ல் யூரோவுக்குப் போன நாடு, கடன் நெருக்கடி வந்தபோது தன் நாணய மதிப்பைக் குறைத்து ஏற்றுமதியைத் தூக்கி நிறுத்த வழியில்லாமல் மாட்டிக்கொண்டது. பொருளாதாரம் ஏறத்தாழ கால்பங்கு சுருங்கியது. வேலையின்மை 27 சதவீதத்தைத் தொட்டது. 2015-ல் வங்கி இயந்திரத்தில் ஒரு நாளைக்கு 60 யூரோவுக்கு மேல் எடுக்க முடியாது என்ற நிலை வந்தது. அந்த ஜூலையில் கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைகளை 61 சதவீத மக்கள் வாக்கெடுப்பில் நிராகரித்தார்கள். சில நாட்களிலேயே அரசு அதே மாதிரியான நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டது. பொது வரவுசெலவு இல்லாமல் பொது நாணயம் மட்டும் வைத்துக்கொண்டால், கஷ்டகாலத்தில் பலவீனமான நாடுதான் முழுச் சுமையையும் சுமக்கிறது. ஸ்வீடனைப்போல ஒன்றியத்தில் இருந்துகொண்டே சொந்த நாணயத்தை வைத்திருக்க முடிந்தால் அதுவே மேல்.

இவ்வளவுக்கும் பிறகு ஏன் உள்ளே இருப்பதே நல்லது என்கிறேன்? வியாபாரக் கணக்கு ஒரு காரணம்தான். 1870-க்கும் 1945-க்கும் இடையே பிரான்ஸும் ஜெர்மனியும் மூன்று பெரிய போர்களில் மோதின. ஆயுதம் செய்ய நிலக்கரியும் எஃகும் வேண்டும் என்பதால், 1951-ல் ஆறு நாடுகள் அந்த இரண்டையும் ஒரு பொது ஆணையத்தின் கீழ் வைத்தன. இன்றைய ஒன்றியம் அங்கிருந்து வளர்ந்ததுதான். அந்த இரண்டு நாடுகளும் இனி ஒன்றோடொன்று போரிடும் என்று இன்று யாரும் கற்பனைகூடச் செய்வதில்லை. மீன்பிடி உரிமையைப் பற்றி விடிய விடியப் பேசும் கூட்டங்கள் சலிப்பானவை. அந்தச் சலிப்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஐரோப்பாவுக்கு வெளியே ஒரே ஓர் உதாரணம். 2023-ல் நைஜரில் ராணுவப் புரட்சி நடந்ததும் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பு கடுமையான தடைகளை விதித்தது. அது சாதாரண மக்களைத்தான் வாட்டியது, அவர்கள் கோபத்தில் நியாயம் உண்டு. அப்புறம் நைஜர், மாலி, புர்கினா ஃபாசோ மூன்றும் 2025 ஜனவரியில் அதிகாரபூர்வமாக வெளியேறின. மூன்றுக்கும் கடற்கரை கிடையாது, துறைமுகம் வேண்டுமானால் பக்கத்து நாடுகளைத்தான் நம்ப வேண்டும். மூன்றிலும் ஆள்வது ராணுவம், மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தவில்லை. யாருக்கு அதனால் வாழ்க்கை மாறுமோ அவர்களைக் கேட்காமல் எடுத்த முடிவு என்பதால் இதை என்னால் ஏற்க முடியவில்லை.

வாக்கெடுப்பு நடந்த பிரிட்டனிலும் இந்தக் குறை இருந்தது. 2014-ல் ஸ்காட்லாந்தின் விடுதலை பற்றிய வாக்கெடுப்பில் 16, 17 வயதினருக்கும் வாக்கு கொடுத்தார்கள். 2016-ல் கொடுக்கவில்லை. பிரிட்டனில் பல ஆண்டுகளாக வாழ்ந்து வரி கட்டிய ஐரோப்பியர்களில் பெரும்பாலானோருக்கும் வாக்கு இல்லை. 15 ஆண்டுகளுக்கு மேல் வெளிநாட்டில் வாழ்ந்த பிரிட்டன் குடிமக்களுக்கும் இல்லை. ஒரே இரவில் வசிக்கும் உரிமை கேள்விக்குறியானது இவர்களுக்குத்தான்.

பிரிட்டன் மறுபடியும் சேரலாமே என்று பலர் இப்போது கேட்கிறார்கள். சேரலாம், அதற்குச் சட்டத்தில் தடையில்லை. ஆனால் 1973-ல் சேர்ந்து படிப்படியாகப் பேரம் பேசி வாங்கிய சலுகைகள், அதாவது யூரோவிலிருந்து விலக்கு, எல்லையில் பாஸ்போர்ட் சோதனை இல்லாத ஷெங்கன் ஏற்பாட்டிலிருந்து விலக்கு, 1984-ன் தள்ளுபடி ஆகியவை அப்படியே காத்திருக்காது. மற்ற விண்ணப்பதாரர்களைப்போல வரிசையில் நின்று, எல்லா உறுப்பு நாடுகளின் சம்மதத்தையும் வாங்கி, ஒவ்வொன்றையும் முதலிலிருந்து பேச வேண்டும்.