பைல்களை நெருக்கினால் பாலம் பலமாகுமா?

கேள்வி: தூண்களுக்கு அடியில் பைல்களை (மண்ணுக்குள் ஆழமாகப் போகும் அத்திவாரக் கம்பங்களை) நிறைய, நெருக்கமாக இறக்கினால் பூமியதிர்ச்சியைப் பாலம் நன்றாகத் தாங்குமா? கிண்ணியாப் பாலத்தில் போகும்போதெல்லாம் இந்த யோசனை வரும். (கிண்ணியா வாசகர்)

பதில்: நெருக்கினால் பலம் என்றுதான் தோன்றும், ஆனால் மண் அப்படி நடந்துகொள்வதில்லை. பக்கவாட்டு ஆட்டத்தில் முன்வரிசைப் பைல் தன் முன்னாலுள்ள மண்ணில் முழுதாக ஊன்றி நிற்கும். பின்வரிசைக்கு மிஞ்சுவது முன்வரிசை ஏற்கெனவே தளர்த்திவிட்ட மண்தான், அதனால் அது சுமக்கும் பங்கு குறையும், ஆட்டம் திசை மாறியதும் முன்னது பின்னதாகிவிடும். மையத்துக்கு மையம் பைலின் விட்டத்தைப் போல 3 மடங்கு இடைவெளி விட்டால்கூட இந்தக் குறைவு நன்றாகத் தெரியும். இன்னும் விரிக்கலாம்தான், ஆனால் பைல்களை மேலே சேர்த்துக் கட்டும் கொங்கிரீட் பாளம் பெரிதாகி, செலவும் எகிறும்.

அப்புறம் கவிழ்வு. பாரம் மேலே இருப்பதால் தூண் சாயப் பார்க்கும். ஒரு ஓரத்துப் பைல் அமுங்க, எதிர் ஓரத்துப் பைலை மேலே இழுக்கும். அதே எண்ணிக்கைப் பைல்களை அகலமாக வைத்தால் ஒவ்வொன்றின் மேலும் விழும் இந்த விசை குறையும்.

நம்மைப் போலக் கடலோரத்தில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது மணலை. 1964இல் ஜப்பானின் நீகாட்டா பூமியதிர்ச்சியில் ஈரமணல் கூழாகிவிட, புதிதாகக் கட்டிய ஷோவா பாலத்தின் தளங்கள் ஆற்றில் விழுந்தன. அங்கே ஒவ்வொரு தூணுக்கும் இருந்தது ஒற்றை வரிசைப் பைல்கள்தான், பாலத்தின் நீளவாக்கில் ஆடும்போது ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுக்க இரண்டாவது வரிசை இல்லை.